முதுகைக் காட்டிய பாக்கெட்டுகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டை ஒட்டியிருக்கிற அந்த சூப்பர் மார்க்கெட்டில், மூன்றாவது வரிசையிலிருந்த பிஸ்கெட் பாக்கெட்டுகள் அத்தனையும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் அப்படித்தான். பளபளப்பான பச்சையும் சிவப்பும் காணாமல் போய், பொடி எழுத்தும் கட்டம் போட்ட அட்டவணையுமாக அலமாரியே பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது. அடுக்கியவள் அஞ்சலாட்சி. ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க அவளுக்கு முழுசாக ஒரு மணி நேரம் பிடித்தது. தூக்கக் கலக்கத்தில் செய்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது.

அஞ்சலாட்சிக்கு நாற்பத்தாறு வயது. பாகூர்ப் பக்கம் பிறந்தவள். பத்தாவதில் கணக்கில் எழுபத்தொன்று வாங்கியவள். அந்த எழுபத்தொன்றை இன்றைக்கும் யாராவது மறந்துவிட்டால் ஞாபகப்படுத்துவாள். மில் தொழிலாளி இராமதாஸைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். மில் மூடியது. அவர் ஏழெட்டு இடத்தில் வாட்ச்மேன் வேலை பார்த்தார், சர்க்கரை வந்து கால் மரத்துப்போனதும் அதுவும் நின்றது. ஒன்பது வருஷமாக வீட்டில் உலை வைப்பது அஞ்சலாட்சியின் சம்பளத்தில்தான். இந்த வேலை போனால் வேறு நாதியில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் திருப்பி வைத்தாள்.

கடையில் அவள் பொறுப்பு பிஸ்கெட், சிப்ஸ், மிக்சர் அலமாரி. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. புதுச் சரக்கு வந்தால் பின்னால் தள்ள வேண்டும், பழைய தேதி முன்னால் வர வேண்டும், எல்லாப் பாக்கெட்டும் நேராக முகம் காட்டி நிற்க வேண்டும். அதற்காக ஒரு நாளைக்கு இருநூறு பாக்கெட்டையாவது திருப்பிப் பின்பக்கத்தில் தேதி பார்ப்பாள். எந்தக் கம்பெனி தேதியை எந்த மூலையில் ஒளித்து அச்சடிக்கும் என்பது அவள் கட்டைவிரலுக்கே மனப்பாடம். ஒன்பது வருஷத்தில் தேதி தாண்டிய பாக்கெட் ஒன்றுகூட அவள் அலமாரியில் கிடந்ததில்லை. முதலாளி கமலக்கண்ணனே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தேதி முடிய ஒரு வாரமே இருக்கும் பாக்கெட்டுகளை சனிக்கிழமை சாயங்காலம் கடையில் வேலை செய்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் கிரீம் பிஸ்கெட்டுக்கும் முறுக்குக்கும் முட்டி மோதும்போது அஞ்சலாட்சி ஒரு பச்சைப் பாக்கெட்டை மட்டும் பொறுக்குவாள். முன்பக்கத்தில் ஓட்ஸ் கதிர், ஒரு பெரிய இலை, வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற ஓர் ஆள். சர்க்கரைக்காரருக்கு இதைவிட நல்லதாக வேறு என்ன இருக்கிறது? பங்கில் வந்தது போதாமல் கையிலிருந்து காசு கொடுத்தும் வாங்குவாள். காலை டீக்கு ஆறு, சாயங்கால டீக்கு ஆறு. ஒரு பாக்கெட்டில் பன்னிரண்டு இருந்தது, கணக்கு சரியாக இருந்தது.

டீயில் சர்க்கரை கிடையாது. அதை நிறுத்தும்போது நடந்த சண்டை தெருவுக்கே தெரியும். "ஒரே ஒரு ஸ்பூன் போடுடி, செத்தா போயிடுவேன்" என்று இராமதாஸ் டம்ளரைத் தரையில் வைத்து நகர்த்துவார். "செத்துட மாட்டீங்க, காலை எடுத்துடுவாங்க" என்று இவள் டம்ளரைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்துவாள். ஒரு ஸ்பூனுக்காக மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதும் சர்க்கரை ஏறித்தான் இருந்தது, காலில் வந்த புண்ணும் ஆறவில்லை. அவர் வெளியில் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறார் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். சட்டைப்பையைக்கூட சோதனை போட்டாள். ஐம்பத்தைந்து வயது மனிதரின் பையில் கடலைமிட்டாய்த் தூள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல நிர்மலா என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். இரண்டு மாசத்துக்கு முன், என்னென்ன சாப்பிடுகிறார் என்று அவள் கேட்டபோது அஞ்சலாட்சி மார்தட்டாத குறையாகச் சொன்னாள்.

"டீயில சர்க்கரை சுத்தமா நிறுத்திட்டேன் மேடம். பிஸ்கெட்டு கூட ஓட்ஸ் பிஸ்கெட்டுதான். நான் கடையில வேலை பாக்குறவ, பாத்துதான் எடுத்துட்டுப் போவேன்."

"பாக்கெட் இருக்காம்மா?"

பையில் இருந்தது. அன்று காலைப் பங்கு போக மீதி ஆறு. நிர்மலா அதை வாங்கித் திருப்பினாள், எதையோ படித்தாள், பிறகு பேனாவால் ஓர் எண்ணுக்கு அடியில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு பிஸ்கெட்டுக்கு அஞ்சரை கிராம் சர்க்கரைன்னு போட்டிருக்காங்க. இவரு எத்தினி சாப்பிடுறாரு?"

கணக்கில் எழுபத்தொன்று வாங்கியவளுக்கு யாரும் பெருக்கிக் காட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு பிஸ்கெட்டுக்கு முப்பத்து மூன்று கிராம். ஒரு ஸ்பூனுக்கு நான்கு கிராம் என்று வைத்தால் எட்டு ஸ்பூன். டீயில் ஒரு ஸ்பூனுக்காக மனிதரை அழவிட்டுவிட்டு, தட்டில் எட்டு ஸ்பூனைத் தன் கையாலேயே வைத்திருக்கிறாள். அதுவும் ஒருநாள் இரண்டு நாளில்லை, மூன்று வருஷம். அஞ்சலாட்சிக்கு முதலில் தன் மேலேயே கோபம்தான் வந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது.

அந்த எண் இருந்த இடத்தைப் பார்த்தாள். தேதிக்கு ஒரு விரற்கடை தள்ளி. தினமும் இருநூறு முறை அவள் கட்டைவிரல் அழுத்திப் பிடிக்கிற இடம் அதுதான். ஒன்பது வருஷமாக அதை விரலால் மூடிக்கொண்டுதான் தேதி பார்த்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து அஞ்சலாட்சி விரலை நகர்த்திக்கொண்டாள். எழுத்து கொசு காலை விடச் சின்னது, இங்கிலீஷ் வேறு. செல்போனில் படம் பிடித்துப் பெரிசாக்கிப் படித்தாள். புரியாத வார்த்தையை பில் கவுண்டர் சுமலதாவிடம் கேட்டாள். சுமலதா பி.காம்., லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், அவளுக்கும் பாதி தெரியாது, போனில் தேடிச் சொன்னாள். எது அதிகம் போட்டிருக்கிறார்களோ அதன் பெயர்தான் முதலில் வரும் என்று தெரிந்த அன்றைக்கு அஞ்சலாட்சி அலமாரி முன்னாலேயே நின்று சிரித்தாள். பச்சைப் பாக்கெட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில். ஓட்ஸ் எங்கே என்று தேடினால் கடைசிக்குப் பக்கத்தில் மூன்று சதவீதம். முன்பக்கத்தில் ஓடுகிற ஆள் எதற்காக அப்படி ஓடுகிறான் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

ஒரு விஷயத்தை அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு கம்பெனி இரண்டு பிஸ்கெட்டுக்குக் கணக்குச் சொல்கிறது, இன்னொன்று மூன்றுக்கு, சிப்ஸ்காரன் ஒரு கைப்பிடிக்கு. ஒரு கைப்பிடியோடு சிப்ஸ் பாக்கெட்டை மூடி வைத்த மனுஷனை எங்கேயாவது பார்த்ததுண்டா? ஆகவே அட்டவணையில் அந்த வரிசையை விட்டுவிட்டு நூறு கிராமுக்கு எவ்வளவு என்கிற வரிசையை மட்டும் பார்க்க வேண்டும். அப்போதுதான் எல்லாரும் ஒரே தராசில் வந்து உட்காருகிறார்கள். இப்படிப் பார்த்ததில், எண்ணெயில் பொரிக்காதது என்று பெருமை பேசிய சிப்ஸில் சாதா சிப்ஸை விட உப்பு கூடுதலாக இருந்தது. யாரும் சீண்டாத கீழ்த்தட்டில் ஒரு வறுத்த கொண்டைக்கடலைப் பாக்கெட் இருந்தது. அதன் பின்பக்கத்தில் இரண்டே சாமான்: கொண்டைக்கடலை, உப்பு. அந்த உப்பும் குறைவுதான். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இராமதாஸ் இரண்டு நாள் கடலையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மென்றுகொண்டே, "பல்லு போச்சுன்னா யாரு கட்டுவா" என்றார். ஆனால் தின்றார்.

வீட்டோடு நின்றிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அஞ்சலாட்சிக்கு அது ஆகாது. ஒருநாள் தீபலட்சுமி என்று ஓர் அம்மா, அரசாங்க ஆபீஸில் கிளார்க், பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்ப அதே பச்சைப் பாக்கெட் ஆறு எடுத்துக் கூடையில் போட்டாள். அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"கொஞ்சம் திருப்பிப் பாத்துட்டு எடுங்கம்மா."

அந்த அம்மா திருப்பினாள். அஞ்சலாட்சி இடத்தைக் காட்டினாள், கணக்கைச் சொன்னாள். ஐந்து பாக்கெட் அலமாரிக்குத் திரும்பியது. அதற்கப்புறம் தீபலட்சுமி சொல்லி இன்னொருத்தி வந்தாள், அவள் சொல்லி மூன்று பேர். மூன்றாவது வரிசையில் பெண்கள் நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பதை, பச்சைப் பாக்கெட் கம்பெனியின் விற்பனை ஆள் அருள்முருகன் பார்த்துவிட்டான். கண் உயரத்துத் தட்டு அவன் கம்பெனிக்கு என்று கடையோடு ஏற்பாடு. அவன் நேராக முதலாளியிடம் போனான்.

கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் சத்தம் வந்தால் முதலில் பயந்துவிடுகிற சுபாவம். கல்லாப் பக்கத்தில் சர்க்கரை இல்லாத டீயும், கூடவே அந்தப் பச்சைப் பாக்கெட்டிலிருந்து நாலு பிஸ்கெட்டுமாக உட்கார்ந்துகொண்டு அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார். அவருக்கும் ஆறு வருஷமாக சர்க்கரை.

"உன் வேலை அடுக்குறது. படிச்சிக் காட்டுறது இல்ல. இனிமே கஸ்டமர் கிட்ட சரக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. புரியுதா?"

"புரியுது மொதலாளி."

புரிந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை சீக்கிரமே வந்து, எல்லாப் பாக்கெட்டையும் திருப்பி வைத்துவிட்டாள்.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. பத்து மணிக்குக் கடை நிறைந்திருந்தது. வந்தவர்கள் எது எந்தப் பிஸ்கெட் என்று தெரியாமல் குனிந்து படித்தார்கள், சிலர் எரிச்சல்பட்டார்கள், ஓர் ஆள் "இன்னாடா இது, முன்னப் பின்ன மாத்தி வந்திருக்கா?" என்று சிரித்தார். குனிந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது கட்டம் போட்ட அட்டவணைதான். சரக்குப் பார்க்க வந்த அருள்முருகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, இது அடாவடிங்க. எங்க சரக்கை அசிங்கப்படுத்துறீங்க."

"நான் இன்னா தம்பி அசிங்கப்படுத்துனேன்? ஒரு எழுத்து நான் எழுதுனேனா? உங்க கம்பெனி அச்சடிச்சதுதானே. பின்னாடி இருக்குறது அசிங்கம்னா அதை யாரு போட்டது?"

சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அது கமலக்கண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"அஞ்சலாட்சி! பேச்சு வளக்காத. எல்லாத்தையும் திருப்பி வை."

"பேசக்கூடாதுன்னீங்க, பேசல. எப்படி அடுக்கணும்னு சொல்லலியே மொதலாளி. எங்க வூட்டுக்காரருக்கு மூணு வருசமா இந்த முன்பக்கத்தைப் பாத்துதான் போட்டேன். இன்னொருத்தி அப்படிப் போட வேணாம்னு நெனைச்சேன். தப்பா?"

  வேலை போகப்போகிறது என்று அந்த நிமிஷம் நிச்சயமாக நினைத்தாள். அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று மனசு ஒரு பக்கம் கேட்டது. ஆனாலும் கை பாக்கெட்டுகள் பக்கம் போகவில்லை.

கமலக்கண்ணன் தலையைச் சொறிந்தார். ஒன்பது வருஷம் தேதி தாண்டாமல் சரக்குப் பார்த்த ஆளை விரட்டினால் அடுத்த ஆள் எங்கே? அதே சமயம் அருள்முருகன் முன்னால் விட்டுக்கொடுக்கவும் முடியாது. யோசித்து, பெரிய யோசனையாக ஒன்றைச் சொன்னார்.

"நாளையிலேருந்து அந்த ராக்கு பக்கமே நீ போகக்கூடாது. பில் கவுண்டர்ல சுமலதா கூட நில்லு. மெஷின் புடிச்சி சரக்கைக் காட்டு, பையில போடு, அவ்ளோதான். அங்க நின்னுக்குனு கஸ்டமர் கிட்ட சரக்கைப் பத்தி வாயத் தொறந்த, அன்னைக்கே உனக்கு கடைசி நாளு."

அருள்முருகன் திருப்தியாகப் போனான். இராமதாஸ் மட்டும் அன்று சாயங்காலம் கடலையை மென்றபடி சொன்னார்: "வாய மூடிக்குனு இரு அஞ்சலை. மில்லு மூடுனப்ப நாங்க கத்தாத கத்தலா? இன்னா கெடைச்சுது?"

"நீங்க மில்லு கேட்டுக்கு வெளிய நின்னு கத்தினீங்க. நான் உள்ள நிக்கிறேன்" என்றாள் அஞ்சலாட்சி.

புதன்கிழமை அவள் பில் கவுண்டரில் நின்றாள். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஸ்கேனர் மெஷின். சுமலதா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். முதலில் வந்தவர் கூடையில் இரண்டு சிப்ஸ், ஒரு பச்சைப் பாக்கெட். அஞ்சலாட்சி பாக்கெட்டை எடுத்து மெஷினை நீட்டினாள். சத்தம் வரவில்லை.

"திருப்புங்கக்கா. கோடு போட்ட கட்டம் பின்னாடி இருக்கும்" என்றாள் சுமலதா.

அஞ்சலாட்சி ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு திருப்பினாள். பார்கோடு, பக்கத்தில் தேதி, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி அட்டவணை. பீப் என்று சத்தம் வந்தது. வாயைத் திறக்காமல் பாக்கெட்டை அப்படியே, முதுகு மேலே தெரிய, அவர் முன்னால் மேசையில் வைத்தாள். கட்டைவிரலை சர்க்கரை வரிக்கு நேர் அடியில் வைத்து, இரண்டு நொடி கழித்து எடுத்தாள். வந்தவர் குனிந்து பார்த்தார். சுமலதா அவளைப் பார்த்தாள், புரிந்துகொண்டு, கம்ப்யூட்டர் திரையில் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தாள்.

முன்பெல்லாம் அஞ்சலாட்சியின் கைக்குள் இருந்தது ஓர் அலமாரி. இப்போது கடையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டும் அவள் கை வழியாகத்தான் போயாக வேண்டும், அதுவும் முதுகைக் காட்டித்தான். ஜூஸ், நூடுல்ஸ், மிக்சர், குழந்தைகளுக்கான சத்து மாவு, எதுவும் தப்பவில்லை. எல்லாரும் படிக்கவில்லை. பத்துப் பேரில் இரண்டு பேர் படித்தால் அதிகம். அந்த இரண்டு பேரில் ஒருத்தர் "இதை எடுத்துடுங்க" என்பார். வெள்ளிக்கிழமைக்குள், எடுத்து ஓரமாக வைத்த பாக்கெட்டுகளுக்குத் தனியாக ஒரு கூடை போட வேண்டியதாயிற்று. கீழ்த்தட்டுக் கொண்டைக்கடலை தீர்ந்துபோனது. கமலக்கண்ணனுக்கு என்ன நடக்கிறதென்று பிடிபடவில்லை. கவுண்டர் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீப் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கமலக்கண்ணன் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலாளியானாலும் சரக்கை எடுத்தால் பில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாக் கணக்கு இடிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் டீ வந்ததும் அவர் எழுந்து போய் மூன்றாவது வரிசையில், கண் உயரத்துத் தட்டிலிருந்து தன் பச்சைப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். வேறு யாரும் வரிசையில் இல்லை.

அஞ்சலாட்சி பாக்கெட்டை வாங்கினாள். திருப்பினாள். பீப். முதுகு மேலே தெரிய அவர் முன்னால் வைத்தாள். கட்டைவிரல் தன் இடத்துக்குப் போய் நின்றது.

கமலக்கண்ணன் விரலைப் பார்த்தார். ஓரமாக இருந்த கூடையைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. முகம் கறுத்தது.

"இதுதான் நாலு நாளா நடக்குதா?"

"ஒரு வார்த்தை பேசல மொதலாளி. சுமலதாவைக் கேளுங்க."

சுமலதா தலையை ஆட்டினாள். கமலக்கண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் அஞ்சலாட்சி முந்திக்கொண்டாள். இதைச் சொன்னால் இன்றே கடைசி நாளாகலாம் என்று தெரியும். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"ஒரு பாக்கெட்டுக்கு எட்டு ஸ்பூனு சக்கரை. எங்க வூட்டுக்காரரு காலு புண்ணு இதாலதான் ஆறாம கெடந்துச்சு. ஆறு வருசமா நீங்களும் இதைத்தான் துன்றீங்க."

"பேசாதன்னு சொன்னேன்ல!"

"கஸ்டமர் கிட்டதானே பேசக்கூடாதுன்னீங்க," என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க கஸ்டமர் இல்லியே."

 கமலக்கண்ணன் அவளை முறைத்தார். அவளும் பார்வையை இறக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போய், படிக்கிற கண்ணாடியைத் துழாவியது.